அந்தலூசியாவில் சைக்கிள்: ஊர்கள் ஏன் மலை மேல் ஏறி உட்கார்ந்தன?

(திரையில் ஒரு நாள் பயணத்தின் ஏற்ற இறக்கக் கோடு இடமிருந்து வலமாக நகர்கிறது.)

வணக்கம். இந்தக் கோட்டைக் கொஞ்சம் பாருங்கள். தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில், கிராமப்புறச் சாலைகளில் ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டினால் உங்கள் கருவி பெரும்பாலும் இப்படித்தான் வரைந்து தரும். காலையில் கிடுகிடுவென்று ஓர் இறக்கம். பிறகு மணிக்கணக்கில் மேடும் பள்ளமுமாக வயல்வெளி. கடைசி இரண்டு கிலோமீட்டரில், தண்ணீரும் தெம்பும் தீர்ந்துபோன நேரம் பார்த்து, கோடு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. தங்கும் ஊர் அந்த உச்சியில் இருக்கிறது. மறுநாளும் இதே கதைதான்.

கீழே நல்ல மண் இருக்கிறது, ஓடை இருக்கிறது. வேலை செய்யும் வயலும் கீழேதான். பிறகு ஏன் ஊரை மட்டும் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள்? ஓசூனா என்ற ஊரில் தொடங்கி, ஓல்வேரா, செத்தெனில், சாரா, கிராசலெமா வழியாக ரோந்தா வரை போய்க்கொண்டே இதைப் பார்க்கலாம்.

(வரைபடம். ஐபீரியத் தீபகற்பத்தின் தென்கோடி.)

13ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். அதற்கு முன் ஐந்து நூற்றாண்டுகள் இந்தப் பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. காஸ்டீல் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ 1236இல் கோர்தோபாவைப் பிடித்தார். 1246இல் ஹயேன், 1248இல் செவில்லா. கிரனாடா அரசு மட்டும் மிஞ்சியது. அது 1492 ஜனவரி வரை தாக்குப்பிடித்தது. ஆக, ஏறத்தாழ 250 ஆண்டுகள் நாம் சைக்கிளில் போகப்போகும் மலைகளும் வயல்களும் இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லைப் பகுதியாகக் கிடந்தன. பெரும் போர்கள் எப்போதாவதுதான் நடந்தன. ஆநிரை கவர்வது, விளைந்த பயிருக்குத் தீ வைப்பது, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் மீட்புப் பணம் கேட்பது ஆகியவைதான் அன்றாடம். அப்படிப்பட்ட இடத்தில் யார் சமவெளியில் வீடு கட்டிக்கொண்டு தூங்குவார்கள்? கோட்டை பாறை உச்சியில் நின்றது, வீடுகள் அதன் காலைக் கட்டிக்கொண்டன. எல்லை மறைந்த பிறகும் ஊர்கள் இறங்கி வரவில்லை. அன்றைய பயத்துக்கான விலையை இன்றைக்கு நம் தொடைகள் கொடுக்கின்றன.

(ஓசூனா. குன்றின் மேல் தேவாலயம், கீழே வெள்ளை ஊர்.)

ஏற்றத்துக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னொரு கேள்வி உண்டு. ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் ஏன் இவ்வளவு தூரம்?

ஓசூனாவிலிருந்து தெற்கே எல் சவுசேஹோ நோக்கிப் புறப்பட்டால், சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆலிவ் தோப்பும் கோதுமையும் சூரியகாந்தியும்தான். கடை கண்ணி கிடையாது. தொலைவில் ஒரு பண்ணை வீடு தெரியும், அதற்கும் கேட் பூட்டியிருக்கும். இதற்கும் அதே போர்தான் காரணம். வென்ற மன்னர்கள் நிலத்தைப் பெரும் பெரும் துண்டுகளாகப் பிரபுக்களுக்கும் ராணுவ மதச் சபைகளுக்கும் கொடுத்தார்கள். ஓசூனா முதலில் கலத்ராவா சபையிடம் இருந்தது, பிறகு ஹிரோன் குடும்பத்துக்குப் போனது. 1562இல் அவர்கள் ஓசூனாவின் டியூக் ஆனார்கள். அதற்குள் 1548இல் இங்கே ஒரு பல்கலைக்கழகமே கட்டிவிட்டார்கள். குன்றின் மேல் நிற்கும் அந்தக் கட்டடத்தையும் பெரிய தேவாலயத்தையும் பார்த்தாலே, கீழே உள்ள நிலம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்பது புரியும். அந்த நிலத்தில் உழைத்தவர்கள் தினக்கூலிகள். சொந்த நிலம் இல்லாததால் வயல் நடுவே வீடு கட்டிக்கொள்ளும் பேச்சே எழவில்லை. எல்லோரும் ஒரே பெரிய ஊரில் நெருக்கியடித்து வாழ்ந்து, விடிகாலையில் வேலைக்கு நடந்தார்கள். அதனால்தான் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இந்த வெறுமை.

சைக்கிள்காரருக்கு இது வரமும் சாபமும். சாலை உங்களுடையது, அரை மணி நேரத்துக்கு நாலு வண்டி வந்தால் அதிகம். ஆனால் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். ஊர்களில் பொதுக் குழாயும் கல் தொட்டியும் இருக்கும். நிரப்புவதற்கு முன் பலகையைப் படியுங்கள். 'நோ பொத்தாப்ளே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல.

(நெருங்கிய காட்சி: தேநீர்க் கடை போன்ற சிறு பாரின் மேடை, எண்ணெய்க் குப்பி, ரொட்டி.)

சாப்பாட்டு நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் அடிபடுகிறார்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை கடைகள் மூடிக்கிடக்கும். ஆகவே காலைச் சாப்பாட்டில் கை வைக்காமல் இருக்கக் கூடாது. எந்தச் சிற்றூரிலும் ஒரு பார் காலையிலேயே திறந்திருக்கும். பெயர்தான் பார், காலையில் அங்கே காபிதான் ஓடும். நெடுக்காக வெட்டிச் சுட்ட ரொட்டி, துருவிய தக்காளி, பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. ரொட்டியை முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு எண்ணெயை ஊற்றுங்கள். பச்சைப் புல் வாசனை முதலில் வரும், விழுங்கும்போது தொண்டையில் இலேசாகக் காறும். காறினால் நல்ல எண்ணெய், பயப்பட வேண்டாம். சைக்கிள்காரர்களுக்கென்று உறையில் விற்கும் சர்க்கரைப் பசைகளை விட இது எனக்குப் பல மடங்கு உசத்தி. மேலே உப்பு தூவிக்கொண்டால் வியர்வைக் கணக்கும் நேராகிவிடும்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் சாலையிலேயே பார்க்கலாம். மரத்தடியில் வலை விரித்திருப்பார்கள். டிராக்டரில் பொருத்திய கவ்வி ஒன்று அடிமரத்தைப் பிடித்து உலுக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் காய்களை ஆட்கள் நீளக் கழியால் தட்டி உதிர்ப்பார்கள். உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின், அதில் பெரும் பங்கு அந்தலூசியாவுடையது. ஹயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. 2022 முதல் அந்தத் தோப்புகளுக்கு நடுவே மண்பாதைகளில் ஒரு தொழில்முறைப் பந்தயமே நடக்கிறது. 2023இல் அதை வென்றவர் ஸ்லோவேனிய வீரர் ததே போகாச்சார். அறுவடைக் காலத்தில் நமக்கு இருக்கும் ஆபத்து எளியது: டிராக்டர் சக்கரம் தோப்பிலிருந்து சாலைக்கு இழுத்து வரும் சேறு. தோப்பு வாசல் தெரிந்தால் வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள், முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

(ஓல்வேரா. தொலைவிலிருந்து.)

பாறை மலைகள் நெருங்கி வர, புரூனாவைக் கடந்ததும் ஓல்வேரா தெரியும். ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் இரட்டைக் கோபுரத் தேவாலயம், கீழே சரிவு முழுக்க வெள்ளை வீடுகள். காஸ்டீல் மன்னர் பதினொன்றாம் அல்போன்சோ 1327இல் இந்த ஊரைப் பிடித்தார். பிடித்தது சரி, எதிரியின் எல்லையில் குடியேற யார் வருவார்கள்? மன்னர் ஒரு வழி கண்டுபிடித்தார். இங்கே வந்து எல்லையைக் காத்தால் குற்றவாளிகளுக்கும் மன்னிப்பு! 'ஆளைக் கொன்றுவிட்டு ஓல்வேராவுக்குப் போ' என்று ஸ்பானியத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. இன்றைய ஓல்வேராக்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஊருக்குள் சைக்கிளைக் கொண்டுபோகும்போது கவனம் தேவை. வழுவழுப்பான கல் பாவிய தெருக்கள், அதிலும் பயங்கரச் சரிவு. நான் கூச்சப்படாமல் இறங்கித் தள்ளச் சொல்வேன். பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணிகள் அந்தக் கல்லில் நிற்காது.

இப்போது இந்த வழியிலேயே எனக்கு மிகவும் பிடித்த துண்டு. ஓல்வேராவிலிருந்து தோர்ரே அல்ஹாக்கிமே என்ற குட்டி ஊர் வழியாகச் செத்தெனிலுக்குச் சுமார் 14 கிலோமீட்டர். ஓல்வேரா வீழ்ந்தது 1327இல். செத்தெனில் வீழ்ந்தது 1484இல். நடுவில் 1407இல் முற்றுகையிட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கடைசியில் பீரங்கி வந்த பிறகே மதில் உடைந்தது. 14 கிலோமீட்டர் நகர ஓர் அரசின் படைக்கு 157 ஆண்டுகள் பிடித்தன. நிதானமாக ஓட்டினாலும் நமக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

(செத்தெனில். பாறைக் கூரைக்கடியில் தெரு.)

செத்தெனிலிலோ ஊருக்குள் போவது இறக்கம். திரேஹோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கில், பாறை குடைபோல நீட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் முன்சுவர் மட்டும் எழுப்பி வீடு கட்டியிருக்கிறார்கள். பாறைதான் கூரை. ஒரு தெருவில் வெயில் அடிக்கிறது, எதிர்க்கரைத் தெருவில் பாறை மேலே முழுதாகக் கவிந்து பகலிலும் நிழல். கோடையில் சைக்கிளோடு நிழல் தெருவுக்குள் நுழைந்தால் உடம்பு அப்படியே குளிரும். சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும், வார நாளில் காலையில் போய்விடுங்கள். ஏற்றம் தப்பியது என்று மகிழ வேண்டாம், ஊரை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் அது காத்திருக்கிறது.

சுவர்களின் வெள்ளை பற்றி ஒரு வார்த்தை. அது சுண்ணாம்பு. பக்கத்து மொரோன் தெ லா ஃப்ரொந்தேராவில் பழைய முறைக் காளவாய்களில் சுண்ணாம்புக்கல் சுடும் தொழிலை மீட்டெடுத்த முயற்சியை 2011இல் யுனெஸ்கோ முன்மாதிரியாக அறிவித்தது.

இதே ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டருக்குக் காரே வராத பாதை ஒன்றும் உண்டு. 30 சுரங்கங்கள், 4 பெரும் பாலங்கள். 1920களில் ரயிலுக்காகக் கட்டத் தொடங்கினார்கள், பணம் தீர்ந்தது, வேலை நின்றது. ஒரு ரயில்கூட அதில் ஓடியதில்லை. ரயிலுக்கான சரிவு என்பதால் மூச்சு வாங்காது. சாஃப்ராமகோன் பாறையில் கூடு கட்டும் பாறு கழுகுகளை வழியிலேயே பார்க்கலாம். ஆனால் பாதை முழுவதும் தார் கிடையாது. மெல்லிய டயர் வைத்திருப்பவர்கள் சாலையிலேயே போகட்டும், சுரங்கத்துக்கு விளக்கும் வேண்டும்.

(சாரா. நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒற்றைக் கோபுரம்.)

அடுத்தது சாரா. 1481 டிசம்பர் இறுதியில், கிரனாடா அரசர் அபுல் ஹசன் அலியின் ஆட்கள் இரவில் இந்தக் கோட்டையில் ஏறிப் பிடித்தார்கள். அதற்குப் பதிலடியாகச் சில வாரங்களில் கிரனாடா அரசின் ஊரான அல்ஹாமா தாக்கப்பட்டது. அங்கே மூண்ட போர் பத்து ஆண்டு கழித்துக் கிரனாடா அரசின் முடிவில்தான் நின்றது. கோட்டைக் கோபுரத்துக்கு நடந்தே போக வேண்டும். நமக்கான வேலை பின்னால் இருக்கிறது: பலோமாஸ் கணவாய்.

சாராவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், 1,100 மீட்டருக்கு மேல் போய் நிற்கும் ஏற்றம். பின் சக்கரத்தில் 32 அல்லது 34 பல் கொண்ட பல்சக்கரம் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம், இல்லாவிட்டால் முழங்கால் பேசும். முதல் சில கிலோமீட்டரில் ஆலிவ் மரங்கள் துணைக்கு வரும், பிறகு வெறும் சுண்ணாம்புப் பாறை. கொண்டை ஊசி வளைவுகளில் கீழே பார்த்தால் நீர்த்தேக்கம் பச்சை கலந்த நீலத்தில் கிடக்கும். பாறு கழுகுகள் உங்களுக்குக் கீழே வட்டமிடும். அவற்றின் முதுகைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அந்தப் பக்கம் இறங்கினால் கிராசலெமா. வறண்ட தெற்கு என்று நினைத்து வருகிறவர்களை இந்த ஊர் நனைத்து அனுப்பும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று முதலில் மோதும் பெரிய மலை இதுதான். ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, ஸ்பெயினிலேயே மிக அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. மழைச்சட்டை பையில் இருக்கட்டும்.

எப்போது போகலாம்? மார்ச் முதல் மே, அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டை மறந்துவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தின் லா ராம்ப்லாவில் 47.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வெப்பத்தில் நிழலே இல்லாத 20 கிலோமீட்டர் என்பது வீரம் அல்ல.

(சாலைப் பலகைகள்.)

சாலையைத் தேர்ந்தெடுக்கப் பலகையின் நிறமே போதும். மாநிலச் சாலை எண்களில் ஆரஞ்சு நிறம் முக்கியச் சாலை, பச்சை அடுத்த நிலை, மஞ்சள் உள்ளூர்ச் சாலை. மஞ்சளைத் தேடிப் போங்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான்: முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், பல தடங்கள் உள்ள சாலையானால் தடத்தையே மாற்ற வேண்டும். ஊருக்கு வெளியே உங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். பொதுவாக ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். வளைவில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார்கள், ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

கிராசலெமாவிலிருந்து ரோந்தா 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலோ கீழோ. அங்கே எல்லோரும் 1793இல் கட்டி முடித்த பாலத்தின் மேல் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள், நீங்களும் பிடியுங்கள். பிறகு ரயில் நிலையத்துக்கு வழி கேளுங்கள். பிராந்திய ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம், ஆனால் ஒரு ரயிலில் சில சைக்கிள்களுக்கே இடம். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். அதிவேக ரயில் என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும், அதற்கு ஒரு பெரிய துணிப்பையும் கொஞ்சம் பழைய துணியும் கூடவே எடுத்துப் போங்கள், சங்கிலி எண்ணெய் பக்கத்து இருக்கைக்காரர் மேல் படக் கூடாது அல்லவா?