கஞ்சிக்கு எதுக்குங்க கன்ஃபர்ம் டிக்கெட்?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மேடைக்கு வணக்கம். பம்பாய்ல தண்டவாள வேலைக்காக லோக்கல் வண்டியை நிறுத்தற ஞாயித்துக்கிழமை மெகா பிளாக்கையும் மீறி, டோம்பிவிலியில இருந்தும் முலுண்ட்ல இருந்தும் குர்லாவுல வண்டி மாறி, செம்பூர் வரைக்கும் வந்து உக்காந்திருக்கீங்களே, உங்களுக்குத்தான் பெரிய வணக்கம்.

தலைப்பு என்ன? பச்சைக் குழந்தைக்கு ஏத்தது வீட்டுக் கஞ்சியா, கடை டப்பாவா? நான் வீட்டுக் கஞ்சி. ஆனா தலைப்பை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல எதிரணியில இருக்கற அந்தக் கண்ணாடி போட்ட தம்பியை ஒரு கை பார்த்துட்டு வந்துடறேன்.

எனக்கு முன்னாடி எழுந்து என்ன சொன்னார்? "வீட்டுக் கஞ்சிக்கு முதல் தேவை கேழ்வரகு இல்லீங்க, கன்ஃபர்ம் டிக்கெட்! ஊர்ல இருந்து அம்மா வந்து இறங்கினாத்தான் இவங்க வீட்டுல கஞ்சி. அதுவரைக்கும் குழந்தை வெயிட்டிங் லிஸ்ட்!"

விழுந்து விழுந்து சிரிச்சீங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சார். பார்த்துட்டேன். அதை வீட்டுல பேசிக்கிறேன்.

தம்பி, கணக்குப் போடுங்க. ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணி கூட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ரயில்ல முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. குழந்தை பிறந்த அன்னைக்கே கஞ்சித் தேதி தெரிஞ்சு போச்சு. நாலாம் மாசம் முடிஞ்சதுமே போட வேண்டிய டிக்கெட்டைப் போடாம, கால் ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்துட்டு, கடைசி நேரத்துல தட்கல்ல போய் முட்டிக்கிட்டா, அது கேழ்வரகு மேல குத்தமா, மாப்பிள்ளை மேல குத்தமா?

சரி, எங்க வீட்டுக்கே வர்றேன். எங்க அம்மா அப்பாவுக்கு ஆர்ஏசிதான், அதாவது ரெண்டு பேருக்கு ஒரே பெர்த்துதான் கிடைச்சது. தம்பி சிரிக்கிறார், சிரிங்க. ஒரே சைடு லோயர்ல ரெண்டு பேரும் ராத்திரி பூரா உக்காந்தே வந்தாங்க. காலுக்கடியில கேழ்வரகு மூட்டை. கோவில்பட்டியில இருந்து! "மாட்டுங்காவுல கிடைக்குமேம்மா, கொங்கண் பக்கமே விளையுதே, மராத்திக்காரங்க நாச்ணின்னு தின்னு தீர்க்கறாங்களே"ன்னு கேட்டேன். "பம்பாய் கேழ்வரகுக்கு அவ்வளவு விவரம் பத்தாதுடி"ன்னு சொல்லிட்டாங்க.

இப்போ கேளுங்க. 2025 ஆகஸ்ட் மாசம். ஞாபகம் இருக்கா? புறாவுக்குத் தீனி போடற இடமான தாதர் கபூத்தர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடி, ஊரே ரெண்டுபட்டுக் கிடந்த நேரம். புறாவுக்குத் தீனி போட்டா அபராதம். அந்த நேரம் பார்த்து எங்க அம்மா கேழ்வரகை முளை கட்டிட்டாங்க. ராத்திரி ஊற வெச்சு, அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு மூட்டையா கட்டித் தொங்க விட்டு, சின்னச் சின்னதா வெள்ளை வால் விட்டாச்சு. காய வைக்கணும். வெளியே மழை. உள்ளே பரப்பி ஃபேனைப் போட்டா, கேழ்வரகு பூரா சோபாவுக்கடியில. மறுநாள் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்துச்சு. ஜன்னல் கிரில்ல துணியை விரிச்சு, முளைகட்டின கேழ்வரகைக் கொட்டி, எங்க அப்பாவைக் காவலுக்கு உக்கார வெச்சுட்டு அம்மா குளிக்கப் போயிட்டாங்க.

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். பேப்பரைப் பிரிச்சார். தூங்கிட்டார்.

தாதர்ல சாப்பாடு நின்னு போன புறா எல்லாம் எங்கே போகும்? நேரா எங்க ஜன்னலுக்கு வந்திருச்சு. வாட்ச்மேன் சொல்றார், "மேடம், ஐம்பது." மூணாவது மாடி அம்மா சொல்றாங்க, "இருநூறு இருக்கும், வெளிச்சமே மறைஞ்சு போச்சு." எங்க அப்பா இன்னைக்கு வரைக்கும் சொல்றார், "ரெண்டே ரெண்டு."

காலிங் பெல். சொசைட்டி செக்ரட்டரி. முகம் சிவந்து போயிருக்கு. "ஆப் கபூத்தர் கோ தானா டால் ரஹே ஹோ?" புறாவுக்குத் தீனி போடறீங்களாங்கறார். அப்பாவுக்குத் தெரிஞ்ச இந்தி மொத்தம் ரயில்ல கத்துக்கிட்டது. "நஹீ நஹீ! பச்சா! பச்சா கே லியே!" குழந்தைக்குங்கறார். இந்தியில குழந்தையும் பச்சாதான், குஞ்சும் பச்சாதான்.

செக்ரட்டரி ஆடிப் போயிட்டார். "பச்சா பி ஹை?" குஞ்சு வேற வளர்க்கறீங்களா?

அப்பாவுக்குப் பெருமை தாங்கலை. "ஹா ஜி! ஏக் பச்சா. சே மஹினா!"

ஆறு மாசமா ஒரு புறாக்குஞ்சு! "கஹான் ஹை? எங்கே?"ன்னு செக்ரட்டரி கத்தறார். அப்பா பவ்யமா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய், தூளியை விலக்கிக் காட்டறார். உள்ளே எம்பொண்ணு. செக்ரட்டரியைப் பார்த்ததும் வீல்னு கத்தினா பாருங்க, மிச்சமிருந்த புறாவும் பறந்துடுச்சு!

கடைசியில அந்த மனுஷன் ஜன்னல்ல குனிஞ்சு ரெண்டு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "அரே, நாச்ணி!" முகம் மாறிடுச்சு. அவங்க வீட்டுல நாச்ணி சத்வ் செய்வாங்களாம். ஊற வெச்சு அரைச்சு, துணியில பிழிஞ்சு, பால் தெளிஞ்சு மாவு அடியில படிஞ்சதும் தண்ணியை இறுத்துட்டுக் காய வெச்சு எடுக்கற மாவு. மறுநாள் அவர் சம்சாரம் ஏறி வந்து எங்க அம்மாவுக்குச் சொல்றாங்க: மழைக்காலத்துல காய வைக்கற வேலையே வேண்டாம், முளை கட்டினதை அன்னன்னைக்கு அரைச்சுப் பிழிஞ்சு அந்தப் பாலையே காய்ச்சிடுங்க. ரெண்டு பேருக்கும் பொது பாஷை கிடையாது. கை ஜாடையிலேயே கஞ்சி ஆயிடுச்சு. டப்பாவைத் திறந்து பக்கத்து வீட்டு சினேகிதம் பிடிச்சவங்க யாராவது எதிரணியில இருக்கீங்களா?

தலைப்பா? வர்றேன் ஐயா, வர்றேன்.

கேழ்வரகு 100 கிராமுல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். அரிசியில பத்து மில்லிகிராம் தேர்றதே கஷ்டம். 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னு ஐநா சபை அறிவிச்சு உலகமே கொண்டாடுச்சு. எங்க பாட்டி பாவம், அறிவிப்புக்குக் காத்திருக்காம முன்னாடியே காய்ச்சிட்டா. முளை கட்டறதும் சும்மா இல்லீங்க. குழந்தை வயிறு சின்னது. கெட்டியாக் காய்ச்சினா முழுங்காது, தண்ணி ஊத்தினா வயித்துல தண்ணிதான் போய்ச் சேரும். முளையில அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது மாவுச்சத்தை உடைக்கும். கரண்டியை விட்டு இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கற கஞ்சியைக் கொஞ்சம் ஆற விட்டு, ஒரு சிட்டிகை முளைமாவைத் தூவிக் கிண்டிப் பாருங்க, கண்ணு முன்னாடியே இளகி ஒழுகும். அப்புறம் ஒரு கொதி. தண்ணி கூடலை, மாவு குறையலை. பரோடா பல்கலைக்கழகத்துல 1980கள்ல இதையே ஆராய்ச்சியா பண்ணி, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க.

மாவு அரைக்க சக்கிக்கு, அதான் மாவு மில்லுக்குப் போவீங்க இல்லையா, அங்கே ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "பய்யா, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சே?" கோதுமைன்னா கொடுங்க. மிளகாய்னா வீட்டுக்குத் திரும்பி வந்துடுங்க. அரைச்சதைத் துணியில சலிங்க. பச்சைத் தண்ணியில கரைச்சு அடுப்புல வைங்க, சுடுதண்ணியில கொட்டினா கட்டி விழும். ஒரு வயசு வரைக்கும் உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், தேன் கூடவே கூடாது.

டப்பாவுல இரும்புச்சத்து சேர்த்திருக்காங்கன்னு சொன்னீங்க. நல்ல பாயிண்ட். கேழ்வரகு மட்டும் போட்டா இரும்பு பத்தாது, ஒத்துக்கறேன். பருப்பும் கீரையும் சேருங்க, டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தா அதையும் போடுங்க. ஆனா சர்க்கரையைச் சொல்லாம விட்டுட்டீங்களே தம்பி? நம்ம நாட்டுல விக்கற குழந்தை மாவுல சர்க்கரை சேர்த்திருக்குன்னு 2024ல சுவிட்சர்லாந்து அமைப்பு ஒண்ணு சொல்லிப் பேப்பர் பூரா வந்துச்சே! இன்னொண்ணு. ரெண்டு வயசுக்குள்ள குழந்தைகளுக்கான டப்பா உணவை விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, 1992ல போட்டு 2003ல இறுக்கினது. கம்பெனிக்காரனே வாயைத் திறக்க முடியாத இடத்துல, பைசா வாங்காம இவ்வளவு நேரம் விளம்பரம் பண்ணியிருக்கார். நடுவர் ஐயா, இவருக்கு ஜாமீன் நீங்கதான் எடுக்கணும்.

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம்.

தம்பி, அம்மா வந்தாத்தான் கஞ்சின்னு கேலி பண்ணீங்களே. எங்க அம்மா ஊர்ல நாலு பேரை வேலை வாங்கின பொம்பளை. களத்துமேட்டுல நின்னு கூப்பிட்டா அடுத்த தெருவுல கேட்கும். இங்கே லிஃப்ட்ல தனியா இறங்கப் பயம். காய்காரன்கிட்ட பேரம் பேச பாஷை இல்லை. டிவி ரிமோட்டுக்கு என்னைக் கேட்கணும், கேஸ் பைப்பைத் திறக்க மாப்பிள்ளையைக் கேட்கணும். பகல் பூரா அடங்கி ஒடுங்கி சோபா ஓரத்துல உக்காந்திருப்பாங்க. ஆனா காலையில ஏழு மணிக்கு அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில எடுத்தாங்கன்னா, "தள்ளுடி"ன்னு ஒரு குரல் வரும் பாருங்க! கோவில்பட்டி குரல். மாப்பிள்ளை ஒதுங்கி நிப்பார். நான் ஒதுங்கி நிப்பேன். புறங்கையில சூடு பார்த்து, பேத்தியை மடியில சாய்ச்சு, கன்னத்துல வழியறதை சுண்டு விரலால வழிச்சு வாயிலேயே விடற அந்தக் கால் மணி நேரம், இந்த பம்பாய் வீடு எங்க அம்மா வீடு. அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கிட்டு டப்பாவை நீட்டச் சொல்றீங்களா? என்னால முடியாது தம்பி. டப்பாவுல எத்தனை சத்து வேணா இருக்கட்டும்.

நடுவர் ஐயா, தீர்ப்பை உங்க இஷ்டப்படி சொல்லுங்க. டப்பாதான் உசத்தின்னு சொல்றதா இருந்தா, முன்வரிசையில பச்சைப் புடவை கட்டிக்கிட்டு எங்க அம்மா உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட நேர்ல சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்லை. நன்றி, வணக்கம்.