பல்லுக் கட்ட எவ்வளவு முடியும்?

வணக்கம் நேயர்களே. பொய்ப்பல் செய்வது என் தொழில். வாயைப் பார்ப்பது, பல்லைப் பிடுங்குவது, அச்சு எடுப்பது எல்லாம் பல் வைத்தியரின் வேலை. அவர் எடுத்த அச்சை வைத்து மேசையில் இருந்து பல்லைச் செய்து கொடுப்பது என்னைப் போன்ற தொழில்நுட்பவியலாளரின் வேலை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியின் பல பக்கத்து ஆட்களுக்கும் பல் செய்திருக்கிறேன். இன்றைக்குப் பல்லுக்கு ஆகும் செலவைப் பற்றிக் கதைக்கச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். எனக்கு நெடுநாளாக மனதில் கிடந்த விசயம் அது. பல் இல்லாமல் கஞ்சியும் கரைத்த சோறுமாக நாளைக் கடத்துகிற முதியவர்கள் எத்தனையோ பேர் வைத்தியரிடம் போகாமல் இருப்பது வலிக்குப் பயந்து இல்லை. எவ்வளவு முடியுமோ என்ற யோசனைதான் அவர்களை வீட்டில் இருத்தி வைக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தம்பி, ஒரு செட் எவ்வளவு முடியும்?" என்பதுதான். கேட்பதில் பிழை இல்லை. ஆனால் அதற்குக் கிடைக்கிற பதில் செட்டுக்கு மட்டுமான விலை. அந்தக் காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் பாதியில் நின்று போகிறார்கள். என் அலுமாரியில் எப்போதும் அப்படி நின்றுபோன வேலைகள் சில இருக்கும். மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்கத் தயாராக வைத்திருப்பேன், ஆள் வராது. பங்குனி, சித்திரை வெயிலில் மெழுகு இளகி, அடுக்கிய பல் எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிடும். திரும்ப அடுக்கலாம், அது எனக்குப் பெரிய காரியம் இல்லை. வராமல் நின்ற ஆச்சி கொடுத்த முற்பணமும் பல் பிடுங்கிய வேதனையும் வீணாகிறதே என்பதுதான் மனதை வருத்தும். ஆகவே செட்டின் விலையைக் கேட்காதீர்கள். "தொடக்கத்தில் இருந்து நான் சாப்பிடுகிற நாள் வரைக்கும் மொத்தம் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள்.

அந்த மொத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு தாடைக்குமான முழுச் செட் ஒன்றில் 28 பல். பல்லை நாங்கள் செய்வதில்லை, அளவும் நிறமும் பார்த்து ஆயத்தமாக வருகிற பல்லை வாங்குகிறோம். அதிலே தரத்துக்குத் தரம் விலை மாறும். மலிந்த பல் கெதியில் தேயும், பல் தேய்ந்தால் வாய் ஒடுங்கிக் கன்னம் உள்ளே விழும். அப்புறம் வேலை. வைத்தியர் முதலில் ஒரு அச்சு எடுப்பார். அதை வைத்து உங்கள் வாய்க்கென்று தனியாக ஒரு தட்டுச் செய்வோம், அந்தத் தட்டால் இரண்டாவது அச்சு எடுக்கப்படும். பிறகு மெழுகு வரம்பு வைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிக் கடிபடுகிறது என்று பார்ப்பார்கள். அதன்மேல் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் மாவை இறுக்கி, வெந்நீரில் அவித்து எடுப்போம். அதன்பிறகு தேய்த்து மினுக்கி அனுப்புவோம்.

இந்த அவிக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசத்தில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அக்ரிலிக் மாவில் கலக்கிற திரவம் 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே கொதிக்கத் தொடங்கிவிடும். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூடேற்றினால் உள்ளுக்குள் குமிழி விழும். குமிழி விழுந்த பல்செட் வெளியே பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஊத்தை அதற்குள் இறங்கி மணக்கத் தொடங்கும், ஒரு நாள் பாக்குத் துண்டைக் கடிக்கும்போது நடுவால் வெடிக்கும். 70 சொச்சம் பாகையில் பல மணித்தியாலம் பொறுமையாக அவித்ததற்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஒரே நாளில் கட்டித் தருகிறோம், பாதிக் காசு போதும் என்று யாரும் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள்ளேயே மாவை வைத்து இறுக விட்டு, பக்கத்துப் பல்லோடு ஒட்டி விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். கழற்ற முடியாத அந்தக் கட்டுக்குக் கீழே முரசு, அதாவது பல் ஈறு, அழுகிப் போய் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நல்லாயிருந்த பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கவேண்டி வந்தது. பல் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கமோ மரியாதைக் குறைவோ ஒன்றும் இல்லை.

சரி, செட்டின் விலைக்குள் வராத செலவு எது? வரவும் போகவும் ஆகிற செலவு. முழுச் செட்டுக்கு ஐந்து தரமாவது போகவேண்டி வரும். வயது போனவரைத் தனியே அனுப்ப முடியாது, மகளோ மருமகளோ கூட வருவார். இரண்டு பேருக்குப் போக வர, ஐந்து தரத்துக்கும் சேர்த்து 20 பஸ் ரிக்கெற். இடையில் பஸ் மாறி வருகிறவர்கள் என்றால் 40. கூட வருகிற மகள் கச்சான் பிடுங்கவோ களை எடுக்கவோ போகிறவள் என்றால் ஐந்து நாள் கூலியும் இல்லை. பல்லை வைத்த பிறகும் முடியாது, முதல் கிழமைகளில் எங்கேயாவது உரசும், புண் வரும், தேய்த்து எடுக்க இன்னும் ஓரிரு தரம் போக வேண்டும். அந்தத் தேய்ப்புக்குக் காசு வாங்குவார்களா, செட்டின் விலையிலேயே அடங்குமா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். நான் பார்த்தவரையில் பலர் அந்தக் கடைசிப் பயணத்துக்குப் பஸ் காசு இல்லாமல், பல்லைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு சின்னத் தேய்ப்பில் முடிகிற வேலை அது!

இப்போது வன்னிக்கென்று ஒரு கணக்குச் சொல்கிறேன். பல் பிடுங்கியதும் உடனே அச்சு எடுக்க முடியாது. முரசு ஆறக் குறைந்தது 6 முதல் 8 கிழமை வேண்டும், மூன்று மாதம் விட்டால் இன்னும் நல்லது. முதல் ஆறு மாதத்தில்தான் எலும்பு அதிகம் கரையும். முரசு ஆறமுதல் அவசரப்பட்டுக் கட்டினால் பல் கழன்று ஆடும், உள்ளே திரும்ப அக்ரிலிக் போட்டு இறுக்க இன்னொரு செலவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசு இல்லை. அதனால் காசு இல்லாத காலத்தில் பிடுங்குங்கள், காசு வருகிற காலத்தில் கட்டுங்கள். மாரிக் காலபோக நெல்லை விதைத்த கையோடு, கார்த்திகை மழை இறுகி ரோட்டுகள் மூடமுதல், ஐப்பசி முற்பகுதியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கி முடித்துவிட்டால், தை, மாசியில் அறுவடைக் காசு கைக்கு வரும்போது முரசும் ஆறியிருக்கும். சிறுபோகம் செய்கிறவர்கள் சித்திரையில் பிடுங்கி ஆவணியில் கட்டலாம். பிடுங்கப் போகிற அன்றைக்கே, அங்கே பல் கட்டுகிற வசதி இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். காத்திருக்கிற காலமும் முரசு ஆறுகிற காலமும் ஒன்றாகவே போகட்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கோ, ஒரே செட்டாகப் போடலாம் என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மலிவான வழி இல்லை. மேல்செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்து நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்த இடம் இல்லை, நாக்கும் அதைத் தள்ளும், கீழ் எலும்பும் மேலதைவிடப் பல மடங்கு கரையும். கீழே இரண்டு நல்ல வேட்டைப்பல் மிஞ்சியிருந்தாலே செட்டுக்கு அது பெரிய பிடி. அடைக்கக்கூடிய பல்லை ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருங்கள்.

பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற வீடுகளில் வேறு பிரச்சினை. "அம்மாவுக்கு நல்ல விலை கூடினதாய்ப் போடுங்கோ" என்று காசு வரும். கோபால்ட் குரோமியம் தகட்டில் செய்கிற பல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும், சில பல் மட்டும் இல்லாதவர்களுக்கு நல்லது. வளைகிற பல் என்று விற்கிற நைலோன் வகைக்கு விலை கூட. ஆனால் தளர்ந்தால் உள்ளே போட்டு இறுக்குவதும், உடைந்தால் ஒட்டுவதும் கடினம். எலும்பில் ஆணி இறக்கிச் செய்கிற இம்பிளான்ட் மிக நல்ல வேலை, கீழ்த்தாடையில் இரண்டு போட்டாலே செட் அசையாது. எங்கள் பக்கத்து அநேகம் பேருக்கு அந்தக் காசு கட்டுப்படியாகாது. ஒழுங்காகச் செய்த அக்ரிலிக் செட்டும் அதைப் பார்த்துத் திருத்த வைத்தியரிடம் போய்வரக் காசும் இருந்தால் ஆச்சி நன்றாகச் சாப்பிடுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நிற்பார்கள். முன்கூட்டியே தொடங்கி வையுங்கள், அவர்கள் வந்து சிரித்துப் பார்க்கட்டும்.

மெழுகில் வைத்துப் பார்க்கிற நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அன்றைக்குப் பல் பெரிது, வாய் முன்னுக்குத் தள்ளுகிறது, கதைக்கத் தட்டுகிறது என்றால் அதிலேயே மாற்றலாம், செலவில்லை. அவித்த பிறகு மாற்றுவது புதிதாகச் செய்வதுதான். முழுக்காசையும் அந்த நாளுக்கு முன் கொடுத்து முடிக்காதீர்கள். பழைய படம் ஒன்று இருந்தால் கொண்டு போங்கள். இடம்பெயர்ந்ததில் படம் எல்லாம் போனவர்கள்தான் எங்களில் பலர். ஒரு அம்மா தன் பழைய அடையாள அட்டையைத் தந்தார். வாய் மூடிய படம்தான், ஆனால் மேலுதடு எவ்வளவு முன்னுக்கு நின்றது என்று அதில் தெரிந்தது. அதைப் பார்த்து முன்பல் இரண்டையும் கொஞ்சம் வெளியே எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தவர் கையால் வாயைப் பொத்தவில்லை.

கடன் விசயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனை இதற்கு எடுக்க வேண்டாம். பல் இரண்டு மாதம் பொறுக்கும், கடன்காரர் பொறுக்க மாட்டார். ஊரில் நம்பிக்கையான சீட்டு இருந்தால் அறுவடை மாதத்தில் எடுப்பது போலச் சேருங்கள். அச்சு எடுக்கும்போது ஒரு பங்கு, பல் வைக்கும்போது ஒரு பங்கு என்று பிரித்துக் கட்டலாமா என்றும் கேளுங்கள், பலர் சம்மதிப்பார்கள்.

பிறகு வருகிற செலவும் உண்டு. ஒரு செட் ஐந்து தொடக்கம் ஏழு வருடம் நன்றாக உழைக்கும். ஐந்து வருடம் என்றால் 60 மாதம். கொடுத்த விலையை 60ஆல் பிரித்து மாதம் அவ்வளவு ஒதுக்கினால் அடுத்த செட்டுக்குக் கையேந்த வேண்டாம். கணக்குச் சுலபத்துக்காக 60,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,000. விலை அதுவென்று எடுத்துவிடாதீர்கள், கணக்கு மட்டும்தான் சொன்னேன்.

அந்த ஐந்து வருடத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் உங்கள் கையில். கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சவர்க்காரமும் மெல்லிய தூரிகையும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை வையுங்கள், விழுந்தாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள், முரசுக்கு அது ஓய்வு. உடைந்தால் கடையில் விற்கிற பசையால் ஒட்டாதீர்கள். ஒட்டிய துண்டு இம்மி விலகினாலும் எங்களால் பொருத்த முடியாமல் புதிதாகச் செய்ய வேண்டி வரும். துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி அப்படியே கொண்டு வந்தால் சின்னக் காசோடு முடியும். சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. முதல் மாதம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள், புழுக்கொடியலைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்றும் ஒன்று. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்திருந்தால், புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால், பல் கட்டுகிற கதையை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். போகும்போது சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் வைத்திருக்கிற கிளினிக் கொப்பியையும், குடிக்கிற குளிசைகளையும் கொண்டு போங்கள், பிடுங்கமுதல் வைத்தியர் பார்க்க வேண்டும். பழைய பல்செட் உடைந்து கிடந்தால் அதையும் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். முந்தி வாய் எந்த உயரத்தில் மூடியது என்று அதிலிருந்து அளந்துகொள்வோம். வணக்கம்.