4294967297 பகா எண்ணா?

அடுத்த சந்தேகத்துக்கு வருவோம். "4294967297 என்ற எண்ணை 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. அப்படியானால் இது பகா எண்தானே?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இல்லை, இது பகு எண். ஆனால் நீங்கள் நல்ல ஆளோடுதான் சேர்ந்து ஏமாந்திருக்கிறீர்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவும் இதைப் பகா எண் என்றே நம்பினார்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று வைத்தால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அடுத்து வருவதும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

641 என்பது 116-ஆவது பகா எண். நீங்கள் 100-இல் நிறுத்தாமல் பொறுமையாகப் போயிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். அதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு, அதுதான் இதில் ருசியான இடம்.

இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 'ப' என்று பெயர். 2, 4, 8, 16 என்று அடுக்குகளை எழுதி, ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டே போங்கள். 32-ஆவது இடத்தில் மீதி ப-ஐவிட ஒன்று குறைவாக, அதாவது −1 மாதிரி நிற்கும். 64-ஆவது இடத்தில்தான் முதல் முறையாக 1 வரும். அப்புறம் பழைய மீதிகளே திரும்பும். ஆக, சுற்றின் நீளம் 64. அந்த நீளம் ப − 1-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும். இது ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து வருவது: அதன்படி ப − 1-ஆவது இடத்தில் மீதி கட்டாயம் 1, ஆகவே அங்கே முழுச் சுற்றுகள் முடிந்திருக்க வேண்டும். ஆயுதம் அவர் கையிலேயே இருந்திருக்கிறது, பாருங்கள்!

சரி, அப்படியானால் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விழுந்துவிட்டது.

வகுத்துப் பார்க்காமலும் இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16. முதலாவதன்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி, 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2⁴. ஆக −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதி 0.

மிச்சமுள்ள 6700417 மேலும் உடையுமா என்று கேட்பீர்கள். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதை வகுக்கும் எண்ணுக்கும் இதே 64 விதிதான், ஆகவே 2561-க்கு மேல் தேட வேண்டியதில்லை. ஒன்றும் அகப்படாது, அது பகா எண்தான். எனவே உங்கள் எண்ணுக்கு 1, 641, 6700417, அப்புறம் அதுவே என்று மொத்தம் நான்கே வகுத்திகள்.