ரைஸ் மில் உமியில் ஊருக்கே மின்சாரம் கொடுக்க முடியுமா?

திருவாரூர்ப் பக்கமிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ரைஸ் மில்லுக்குப் பின்னால் உமி மலைபோல் கிடக்கிறது. பீகாரில் உமியை வைத்தே கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்தார்களாமே, இங்கேயும் செய்யலாமா? வைக்கோலிலும் முடியுமா?"

செய்யலாம் ஐயா. கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொல்லும் பீகார் ஊரின் பெயர் தம்குஹா. மேற்குச் சம்பாரண் மாவட்டம். ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 2007இல் அங்கே முதல் நிலையத்தை ஆரம்பித்தது. சுமார் 30 கிலோவாட் திறன்தான். மூங்கில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, மாலையில் சில மணி நேரம் வீடுகளுக்கு விளக்கெரிய மின்சாரம் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவரை இருந்தது மண்ணெண்ணெய் விளக்கும் டீசல் ஜெனரேட்டரும்தான். அதனால்தான் அது எடுபட்டது. பிறகு அரசு மின்சாரம் ஊர் ஊராக வந்தது, சோலார் தகடு விலை சரிந்தது. அந்த நிறுவனமே சோலார் பக்கம் திரும்பிவிட்டது.

எந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உமியை முழுதாக எரிப்பதில்லை. உயரமான ஒரு கலனில் கொட்டி, காற்றைக் குறைத்து விட்டால், அது அரைகுறையாக எரிந்து வாயுவாக மாறும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு. சரிபாதி, எரியாத நைட்ரஜன். தொடங்கியதும் வெறும் புகைதான் வரும். ஆபரேட்டர் பக்கத்துக் குழாயில் தீ வைத்துப் பார்ப்பார். சுடர் அணையாமல் நின்று எரிந்தால்தான் வாயுவை, ஜெனரேட்டரைச் சுழற்றும் என்ஜினுக்குத் திருப்புவார். தலைவலியே தார்தான். வாயுவோடு வரும் அந்தப் பிசுக்கைத் தண்ணீரில் கழுவி, வடிகட்டிகளில் பிடிக்க வேண்டும். ஒரு நாள் அசட்டையாக இருந்தாலும் வால்வில் ஒட்டிக்கொள்ளும். கழுவிய கருப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய கொட்டகைக்குள் கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

இப்போது கணக்கு. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. சிறிய நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உமி செலவாகும். ஆக, ஒரு டன் நெல்லுக்கு 100 முதல் 130 யூனிட். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் ஊர் மில் புழுங்கல் அரிசி மில்லா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் நெல் அவிக்கவும் உலர்த்தவும் பாய்லருக்கு அந்த உமியே எரிபொருள். மிச்சத்துக்குச் செங்கல் சூளைக்காரரோ வேறு பாய்லர்காரரோ லாரியோடு வந்து நிற்பார். குப்பையாகக் கிடக்கும்வரைதான் உமி இலவசம். நீங்கள் போய்க் கேட்ட மறுநாளே அதற்கு ஒரு விலை வந்துவிடும். இந்தத் தொழிலில் முதலில் அடி விழுவது இங்கேதான். எந்திரம் பழுதானால்கூடச் சரிசெய்துவிடலாம்.

கரும்புச் சக்கையைப் பாருங்கள். சர்க்கரை ஆலைக்கு அது தேடி வாங்க வேண்டிய பொருளே அல்ல. அரைத்த கரும்பின் எடையில் 30 சதவீதம் வாசலிலேயே விழுகிறது. அதனால் ஆலைகளில் மின் உற்பத்தி நிலைத்து நிற்கிறது. அதற்கும் போட்டி உண்டு: கரூர்ப் பக்கம் காகிதபுரத்து ஆலை அதே சக்கையில் காகிதம் செய்கிறது.

வைக்கோலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் மாட்டுக்கே பத்தாது, விட்டுவிடுங்கள். பஞ்சாபில் நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும், இடையில் இரண்டு மூன்று வாரம்தான், அதனால் கொளுத்துகிறார்கள். அதைக் கட்டுகளாகக் கட்டி, ஏற்றி, ஆண்டு முழுக்க மழை படாமல் அடுக்கி வைப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. போதாததற்கு அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பாய்லர் குழாய்களில் சாம்பல் உருகிப் படிந்து அரிக்கும். சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022இல் திறந்த ஆலை வைக்கோலை எரிக்காமல் நொதிக்க வைத்து வாயு எடுக்கிறது. எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.

உங்களுக்கு என் யோசனை: ஊருக்கு மின்சாரம் விற்கும் எண்ணம் வேண்டாம், கம்பி ஏற்கெனவே வீட்டு வாசலில் இருக்கிறது. மில்காரரே மில் மோட்டாருக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் கணக்குப் போடுங்கள். அவர் கூட்டாளியாக இல்லையென்றால், மூன்று ஆண்டுக்காவது உமி விலையை எழுத்தில் வாங்காமல் எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சாம்பல் கொட்ட இடமும் பார்த்து வையுங்கள். எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பலாக மிஞ்சும், காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.