சொல்லாமல் விட்ட ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

2007ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்பைடர்மேன் 3’ படத்தில் ஒரு காட்சி உண்டு. இரவில் போலீஸ் துரத்த ஓடும் கைதி ஒருவன், ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் மணல் குழிக்குள் விழுந்துவிடுகிறான். ஆள் உள்ளே கிடப்பது தெரியாமல் விஞ்ஞானிகள் இயந்திரத்தை ஓட விடுகிறார்கள். அவன் உடல் மணலாகவே பிரிந்துபோகிறது. பொழுது விடிகிறது. மணல் மெல்ல அசைகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு முதுகு மாதிரி, ஒரு தலை மாதிரி திரண்டு எழப் பார்க்கிறது. முடியவில்லை, சரிந்துவிடுகிறது. மறுபடி எழுகிறது. பக்கத்தில் ஒரு சின்ன லாக்கெட் கிடக்கிறது. நோயாளியான மகள் அப்பாவுக்குக் கொடுத்தது, உள்ளே அவள் படம். அவன் கையை நீட்டுகிறான். தொட்டதும் விரல்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்த கையை ஒரு கணம் பார்க்கிறான். அப்புறம் உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு மறுபடி ஒரு கையை உருவாக்கி, அந்த லாக்கெட்டை எடுத்தே விடுகிறான்.

வசனம் ஒன்றுகூடக் கிடையாது. கிறிஸ்டோபர் யங்கின் இசை மட்டும்தான். நான் பார்த்த சூப்பர் ஹீரோ படங்களில் இதைவிட நல்ல காட்சி மிகக் குறைவு. அதனால்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு இத்தனை ஆதங்கம். வெறும் மோசமான படம் என்றால் மறந்துவிட்டுப் போயிருப்பேன். இது ஒரு பெரிய படமாகும் தூரத்தில் இருந்தது.

இது ஓடாத படம் இல்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 89 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் இயக்குநர் சாம் ரெய்மியே பிற்பாடு, இதில் வந்த எல்லாப் பாத்திரங்களிலும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்று மனம் திறந்து சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்தவர்கள் அறுபதுகளின் பழைய வில்லன்கள். மணலாகிப்போன அந்தக் கைதிதான் சாண்ட்மேன், 1963இலேயே காமிக்ஸில் வந்தவன். கறுப்பு அரக்கன் மாதிரியான வெனம் 1988இல் முழு உருவம் எடுத்தவன், அடுத்த தலைமுறை ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவனைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பில் வற்புறுத்தினார்கள், சேர்த்தார்கள். இதோடு, அப்பாவின் சாவுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று நம்பும் நண்பன் ஹாரியின் பழிவாங்கல், போட்டவனின் வெறியைக் கிளப்பும் கறுப்பு உடை, க்வென் ஸ்டேசி என்று இன்னொரு பெண், காதலில் விரிசல். 139 நிமிடத்தில் இத்தனையும்.

வில்லன்கள் அதிகம் என்பது எல்லோரும் சொல்லும் குறைதான். எனக்கு அது மட்டும் போதவில்லை. எண்ணிக்கையைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. இந்தப் படம் எதைப் பற்றியது? மன்னிப்பைப் பற்றியது. படத்தின் முடிவில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் சாண்ட்மேனை அடித்து வீழ்த்துவதில்லை, மன்னித்து அனுப்புகிறான். ஒரு சூப்பர் ஹீரோ படத்தில் எவ்வளவு துணிச்சலான முடிவு! ஆனால் அந்த இடம் மனதைத் தொட வேண்டிய அளவு தொடவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் படத்துக்குப் போவோம், 2002. பீட்டரை ஏமாற்றிய ஒருவனிடம் திருடன் பணத்தைக் கொள்ளையடித்துக்கொண்டு ஓடி வருகிறான். பீட்டர் நினைத்திருந்தால் பிடித்திருக்கலாம். ‘எனக்கென்ன’ என்று ஒதுங்கி வழி விடுகிறான். அன்றைக்கே அவனை வளர்த்த பென் மாமா சுடப்பட்டுச் சாகிறார். ஸ்பைடர்மேன் என்ற மனிதனே அந்தக் குற்ற உணர்விலிருந்து முளைத்தவன்தான். இரண்டாவது படத்தில் பீட்டர் இதை மாமாவின் மனைவி மே அத்தையிடம் ஒப்புக்கொள்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை, சொல்லி முடித்ததும் தன் கையை மெதுவாக விலக்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தக் கை விலகுவதைப் பார்க்கையில் நமக்கே எங்கோ வலிக்கும்.

மூன்றாவது படம் இதில் ஒரு திருப்பம் வைக்கிறது. மாமாவைச் சுட்டது அந்தத் திருடன் இல்லையாம், அவன் கூட்டாளியாம். அதாவது ஃப்ளின்ட் மார்க்கோ, நம் சாண்ட்மேன். பல ரசிகர்களுக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. பீட்டரின் குற்ற உணர்வையே இது அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுகிறது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசியில் மார்க்கோ என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். காரைப் பறிக்கத்தான் துப்பாக்கியைக் காட்டினேன், பெரியவர் என்னை நிதானமாக வீட்டுக்குப் போகச் சொன்னார், அந்த நேரம் பார்த்துக் கூட்டாளி பணத்தோடு ஓடி வந்தான், துப்பாக்கி வெடித்துவிட்டது.

அந்தக் கூட்டாளி எங்கிருந்து ஓடி வந்தான்? பீட்டர் வழி விட்ட இடத்திலிருந்து! பீட்டர் அவனைத் தடுத்திருந்தால் அவன் அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டான், துப்பாக்கியும் வெடித்திருக்காது. மார்க்கோவின் விரலும் பீட்டரின் அலட்சியமும் ஒரே கணத்தில் சந்தித்துத்தான் பென் மாமா செத்தார். இப்படி ஒரு முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு படம் அதை அவிழ்க்கவே இல்லை. நானும் மோசமான காரியங்கள் செய்திருக்கிறேன் என்று பீட்டர் பொதுவாகச் சொல்கிறான். உன்னை மன்னிக்கிறேன் என்கிறான். ‘அன்றைக்கு அவனை ஓட விட்டது நான்தான்’ என்ற அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. அதனால் மன்னிப்பு மேலிருந்து கீழே கொடுக்கிற ஒன்றாகிவிடுகிறது. குற்றவாளிகள் இரண்டு பேர் எதிரெதிரே நின்றிருக்க வேண்டிய இடம் அது.

இந்த வரியை மையமாக வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே ஒழுங்காகிவிடும். கறுப்பு உடை கண்டிப்பாக இருக்கட்டும், அது பீட்டரின் வெறி. சுரங்க ரயில் பாதையில் சண்டை, குழாய் உடைந்து தண்ணீர் பாய்ந்து மார்க்கோ சேறாகக் கரைந்து போகிறானே, அந்த இடம்தான் படத்தின் நடுத்தூண். அவனைக் கொன்றுவிட்டதாகவே பீட்டர் நம்புகிறான். அதைக் கேட்டு மே அத்தை சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனால் அவர் முகம் வாடுகிறது. பழி உணர்ச்சி விஷம் மாதிரி என்கிறார். அங்கிருந்து பீட்டர் தன் பங்கை நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். படமோ அவனை ஜாஸ் கிளப்புக்கு ஆட அனுப்பிவிடுகிறது.

தேவாலய மணி கோபுரத்தில் பீட்டர் அந்தக் கறுப்பு உடையைப் பிய்த்து எறிய, அது கீழே நிற்கும் எடி ப்ராக் மேல் சொட்டுகிறது, அவன்தான் வெனம் ஆகிறான். அந்தச் சொட்டோடு நிறுத்தியிருக்கலாம். வெனத்தை அடுத்த படத்துக்கு வைத்திருந்தால் அவனுக்கும் மரியாதையாக இருந்திருக்கும். இங்கே அவன் கடைசிப் பகுதியில் வந்து, ஒரு சந்தில் சாண்ட்மேனோடு அவசரமாகக் கூட்டுச் சேர்ந்து, வெடித்துச் சாகிறான்.

ஹாரி விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலையில் அடிபட்டு நினைவு போவதும், கடைசி நேரத்தில் வீட்டு வேலைக்காரர் வந்து அப்பாவின் சாவைப் பற்றிய உண்மையைச் சொல்வதும் வேண்டாம். இத்தனை காலம் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று குழந்தைகூடக் கேட்கும். அந்த உண்மையை ஹாரி தானாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தால் அவன் சாவு இன்னும் கனத்திருக்கும்.

மிச்சமாகும் நேரத்தையெல்லாம் நான் மகளுக்குக் கொடுப்பேன். மார்க்கோ கொள்ளையடிப்பதே அவள் வைத்தியத்துக்காகத்தான். ஆனால் அவள் பிழைத்தாளா என்று படம் நமக்குச் சொல்வதே இல்லை. அந்த லாக்கெட்டை எடுக்க ஒருவன் அத்தனை பாடுபட்டதைப் பார்த்த பிறகு, இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி எழுந்து போவது?

என் மனதில் ஓடும் கடைசிக் காட்சி இப்படி இருக்கும். கட்டி முடிக்காத கட்டடத்தின் உச்சி. மார்க்கோ நடந்ததைச் சொல்லி முடிக்கிறான். பீட்டர் முகமூடி இல்லாமல் நிற்கிறான். அவனை ஓட விட்டது நான்தான் என்கிறான். மார்க்கோ உடனே பதில் சொல்லவில்லை. அவன் கையில் லாக்கெட் இருக்கிறது, விரல்களிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போகிறது. அதைப் பீட்டரிடம் நீட்டுகிறான், மகளிடம் சேர்த்துவிடச் சொல்லி. பீட்டர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்கிறான். அப்புறம் கட்டடத்தின் மேல் காற்று மட்டும்.

வணக்கம்.