சின்னப் புள்ளைங்க ஊதுற டெஸ்ட்டை எவ்ளோ நம்பலாம்?

நேயர்களுக்கு வணக்கம். நாலஞ்சு வயசுப் புள்ளைக்கு அடிக்கடி இளைப்பு வருது, டாக்டர் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாய்ல ஊத வெச்சு நுரையீரலை அளக்குற டெஸ்ட், எழுதிக் கொடுக்குறாரு, ரிப்போர்ட்ல நார்மல்னு வருது, உடனே அப்ப ஆஸ்துமா இல்லைன்னு முடிவு பண்ணி இன்ஹேலரை தூக்கி ஓரமா வெச்சிடுறாங்க. அது எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, அதப் பத்திதான் இன்னிக்கு பேச வந்திருக்கேன்.

ரத்த டெஸ்ட்டுன்னா புள்ள அழுதாலும் ரிசல்ட் வந்துரும். இதுல அப்படி இல்லங்க. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால இறுக்கிப் பிடிச்சு, தயங்காம வேகமா ஊதி, காத்து தீர்ற வரைக்கும் விடாம ஊதணும், நாலு வயசுப் புள்ளைக்கு இது எவ்ளோ பெரிய வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. பாதில இருமிடும், உதட்டோரமா காத்து கசியும், சிரிச்சிடும். அதனால ஒரு தடவை ஊதி வந்த நம்பரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

நல்லா ஊதினது மூணாவது வேணும், அதுல பெஸ்ட்டா வந்த ரெண்டும் ஒத்துப் போகணும். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் சங்கங்கள் சேர்ந்து 2019ல வெளியிட்ட விதிப்படி, 6 வயசு தாண்டினவங்களுக்கு வித்தியாசம் 150 மில்லிக்குள்ள இருக்கணும், 6 வயசு வரைக்கும் 100 மில்லி, இல்ல அதிகமா ஊதின அளவுல 10 சதவீதம், ரெண்டுல எது பெருசோ அது. சின்னதுங்க ஊதுறதே சுமார் ஒரு லிட்டர்தான், அதுல 100 மில்லி லேசான விஷயமா?

இன்னொண்ணு, பெரியவங்களுக்கு முதல் ஒரு செகண்டுல எவ்ளோ காத்து வெளிய வருதுன்னு பாப்போம். குட்டிப் புள்ளைங்க நுரையீரல் சின்னது, சில புள்ளைங்க ஒரு செகண்டு ஆகுறதுக்குள்ள மொத்தமும் ஊதி முடிச்சிடும், அவங்களுக்கு முக்கால் செகண்டு, அரை செகண்டு அளவைத்தான் பாக்கணும்.

அப்புறம் உயரம். நார்மல் எவ்ளோன்னு மெஷின் கணக்கு போடுறதே வயசு, உயரம், ஆணா பொண்ணான்னு வெச்சுத்தான், அதனால அம்மாகிட்ட கேட்டு எழுதாம செருப்பைக் கழட்டி நிக்க வெச்சு அளக்கணும். உலகம் பூரா பயன்படுற 2012 குளோபல் லங் ஃபங்ஷன் இனிஷியேட்டிவ் அட்டவணை 3 வயசுலேர்ந்து 95 வயசு வரைக்கும் இருக்கு, ஆனா நம்ம துணைக்கண்டத்துக்குன்னு தனிக் கணக்கு அதுல இல்ல, அதனால ரிசல்ட் நார்மல் கோட்டுக்கு கொஞ்சம் மேலயோ கீழயோ வந்தா உடனே பதறவும் வேணாம் நிம்மதியாகவும் வேணாம்.

ஊதவே முடியலையா? ஆசிலோமெட்ரின்னு ஒண்ணு இருக்கு, கன்னத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டா போதும், புள்ள சாதாரணமா மூச்சு விட்டாலே மெஷின் அளந்துக்கும். எல்லா ஊர்லயும் கிடைக்காது, அதுதான் வருத்தம்.

எல்லாமே சரியா ஊதியும் நார்மல்னு வந்தாக்கூட ஆஸ்துமா இருக்கலாம், ஏன்னா இளைப்பு இல்லாத நாள்ல மூச்சுக்குழாய் நல்லாவே திறந்திருக்கும். அஞ்சு வயசு வரைக்கும் டாக்டர்ங்க முக்கியமா பாக்குறது ராத்திரி இருமல், ஓடினா இளைப்பு, மருந்துக்கு எப்படி கேக்குது, இதெல்லாம்தான். அதனால இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க. ரிப்போர்ட் வாங்கும்போது புள்ள எப்படி ஊதிச்சுன்னு காட்டுற கிராஃப் இருக்குற பக்கத்தையும் கேட்டு வாங்குங்க, அன்னிக்கு புள்ள ஊதலைன்னா திட்டாம இன்னொரு நாள் கூட்டிட்டுப் போங்க, வீட்ல இளைக்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சு தெரியுற மாதிரி ஃபோன்ல ஒரு வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. நன்றி, வணக்கம்.