கடன்காரர் முகம் பதித்த நோட்டு

[திரையில்: 2001-இல் வெளியான ஆஸ்திரேலிய ஐந்து டாலர் நோட்டு]

வெள்ளைத் தாடியோடு இந்த நோட்டில் இருப்பவர் ஹென்றி பார்க்ஸ். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் வயிறெரிந்திருப்பார்கள். 1858, 1870, 1887 என மூன்று முறை கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தவர் அவர். மூன்றாம் முறை, ஆஸ்திரேலியாவில் அப்போது தனித்தனியாக இருந்த ஆறு பிரிட்டிஷ் காலனிகளில் ஒன்றான நியூ சவுத் வேல்ஸின் பிரீமியர் பதவியிலேயே இருந்தார். நம்மூர்க் கணக்கில் அது முதலமைச்சர் பதவி. ஐந்து முறை அதில் அமர்ந்தார்.

1815-இல் இங்கிலாந்தில் பிறந்து, பர்மிங்காமில் தந்தக் கடைசல் பழகினார். பிழைப்பு நடக்கவில்லை. 1839-இல் அரசு உதவியோடு கர்ப்பிணி மனைவியை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். சிட்னியை எட்டுவதற்குள் கடலிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பண்ணைக் கூலி, சுங்க வேலை, பொம்மைக் கடை, 1850-இல் ‘எம்பயர்’ பத்திரிகை. முதல் திவால் அதன் புண்ணியம்.

பள்ளிப் படிப்பு சொற்பம். பேச்சில் ‘ஹ’ ஒலி நழுவிவிடும். நாம் ஹென்றியை ‘என்றி’ என்பதுபோல. கனவான்கள் கேலி செய்தார்கள். அந்த நாக்குத்தான் 1854-இல் அவரைச் சட்டமன்றத்தில் உட்கார வைத்தது. 1880-இல் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கியவரும் இவரே.

இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1881-இல் சீனர்கள் வந்திறங்கத் தலைக்குப் பத்து பவுண்டு வரி. 1888-இல் அது நூறு பவுண்டு. அரசுச் செலவில் வந்திறங்கியவர் அடைத்த கதவு அது. எனக்கு இது உறுத்துகிறது.

[திரையில்: வாலங்காரா ரயில் நிலையம்]

1889 அக்டோபர். பிரிஸ்பேனிலிருந்து ஊர் திரும்புகிறார். அது இருக்கும் பக்கத்துக் காலனியான குவீன்ஸ்லாந்தில் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர். நியூ சவுத் வேல்ஸில் 1,435. ஆகவே எல்லையிலுள்ள வாலங்காராவில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். ஒரே மொழி, ஒரே அரசி, இரண்டு தண்டவாளம்! எல்லை தாண்டிய டென்டர்ஃபீல்டில், 24-ஆம் தேதி, காலனிகள் அனைத்துக்கும் ஒரே நாடாளுமன்றம் வேண்டும் என்று பேசினார். 1891-இல் சிட்னியில் கூடிய அரசமைப்பு மாநாட்டுக்கு அவர்தான் தலைவர்.

1896 ஏப்ரல் 27-இல், வறுமையில் இறந்தார். 1901 ஜனவரி 1-இல் ஆறு காலனிகளும் ஒரே நாடாயின. வாலங்காராவில் பயணிகள் மட்டும் வழக்கம்போல் இறங்கி ரயில் மாறினார்கள்.